கொத்திய தரை

எங்கள் தெருவில் முதன்முதலில் சிமெண்டுத் தரை போட்ட வீடு என்னுடையது. அரியலூர் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குத் தரை போட்ட கொத்தனார் நான். சொந்த வீட்டுக்குப் போட எண்பதுகள் வரை ஆகிவிட்டது. சிவப்புக் காவி கலந்து கரண்டியால் இழைத்து, காய்ந்தபின் தேங்காயெண்ணெய் தேய்த்து மெருகேற்றினேன். விக்கிரமங்கலத்திலிருந்து வந்த மாமனார் அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். வழுக்குகிற வரப்பில் நாற்றுக்கட்டோடு நடந்தும் விழாதவர். பழைய சாணித் தரையிலும் விழுந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வீடு கழுவிய ஈரம் காயுமுன் என் தரையில் விழுந்தார். நல்லவேளை, எலும்பு தப்பியது.

"தரை நல்லாத்தான் இருக்கு. என் காலுதான் சரியில்லப்பா" என்றார்.

நானும் அதை வசதியாக நம்பினேன். வெட்கம்கெட்டவன்.

பத்து நாள் கழித்து என் மனைவிதான் கண்டுபிடித்தாள். "மாமா தண்ணியே குடிக்கிறதில்லைங்க. குடிச்சா கொல்லைக்குப் போவணுமில்ல, நடக்கப் பயந்துக்கிட்டு வாயக் கட்டிக்கிட்டு இருக்காரு."

கட்டிலடியில் வைத்த சொம்பு நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. நல்ல வெயில் காலம். அவர் உதடு வெடித்திருந்தது. சாக்கை விரித்துப் பார்த்தேன். அது அவரையும் இழுத்துக்கொண்டு வழுக்கியது. சுவரைப் பிடித்ததால் பிழைத்தார்.

அன்று தெருவில் அம்மி கொத்துகிற அம்மா குரல் கொடுத்துக்கொண்டு போனார். மனைவி உள்ளே கூப்பிட்டாள்.

"அம்மி எங்கம்மா?"

"அம்மி இல்லக்கா. இந்தத் தரையக் கொத்தணும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன்.

"அம்மி வழுவழுன்னு ஆனா மொளகா நிக்காதுன்னு கொத்துறோம். கால் மட்டும் எப்படிங்க நிக்கும்?" என்றாள்.

உளியை வாங்கி நானே உட்கார்ந்தேன். முதல் கொத்து என் மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. கட்டிலிலிருந்து கொல்லைக் கதவு வரை, அம்மிக்குக் கொத்துவது போல நெருக்கமாகப் புள்ளி புள்ளியாகக் கொத்தினேன். கொல்லைக்கு இறங்கும் உயரமான படியை உடைத்து இரண்டாகக் கட்டினேன். சுவரோரம் பிடித்து நடக்க மூங்கில் அடித்தேன். கொத்தனாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவே பேசியது. பேசட்டும். அதற்குப்பின் எவ்வளவோ தரை போட்டேன். பெருமையாக ஆட்களைக் கூட்டிவந்து காட்டியது இந்த ஒன்றைத்தான்.

வேலை முடிந்ததும் அப்பா எழுந்து நின்று பாதத்தைத் தரையில் தேய்த்துப் பார்த்தார். மூங்கிலைப் பிடித்துக் கொல்லைக்குப் போய்த் தானாகவே திரும்பிவந்தார். கட்டிலில் உட்கார்ந்து சொம்பை எடுத்து, முழுவதையும் அண்ணாந்து குடித்தார்.

"இன்னொரு சொம்பு கொண்டாம்மா" என்றார்.