அஜீசா கடலுக்குப் போன வழி

ராயபுரம் கயிற்றுக்கடை ஜாபரின் மனைவி ரஹீமுன்னிசாவுக்குக் கதை எழுதும் கிறுக்குப் பிடித்தது ஐம்பத்தொன்றாம் வருஷம். புருஷன் வாங்கிவரும் வாரப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து வந்த வினை. ஒரே ஒரு கதை. அதில் ஒருத்தி தனியாகப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும். வாணியம்பாடியில் பிறந்த ரஹீமுன்னிசா கடலைப் பார்த்ததே இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டதற்கு, "அது எங்கியோ கீது. பொம்பளைங்க போற எடமில்ல" என்றுவிட்டார் ஜாபர். பெண்கள் வெளியார் கண்ணில் படக்கூடாத கோஷாக் குடும்பம். வண்ணாரப்பேட்டை நாத்தனார் வீட்டுக்கென்றாலும் ரிக்‌ஷாவுக்குப் படுதா கட்டித்தான் போகவேண்டும். படுதாவுக்குள் உட்கார்ந்தவளுக்குக் கிழக்கு ஏது, மேற்கு ஏது? எந்நேரமும் கேட்கும் இரைச்சலை ரயில் யார்டு என்றே நினைத்திருந்தாள்.

அதனால் திட்டம் பெரிதாகப் போட்டாள். கதாநாயகி அஜீசா டிராம் ஏற வேண்டும், வழி தவற வேண்டும், அழ வேண்டும், பொழுது சாயும்போது கடலைக் காண வேண்டும். வெங்காயம் உரித்தபடியே அஜீசாவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரங்களில் அவளைவிடச் சந்தோஷமான பெண் ராயபுரத்தில் கிடையாது.

எந்த டிராம் என்பதில்தான் சந்தேகம். கொல்லைக் கதவுக்கு மீன் கொண்டுவரும் சொக்கம்மாளிடம் கேட்டாள்.

"கடலுக்கு எந்த டிராம்ல போகணும் சொக்கம்மா?"

சொக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா பீவிம்மா, கிண்டல் பண்றியா? கடலுக்கு இன்னாத்துக்கு டிராமு? இந்தக் கதவாண்டேந்து சோத்துக்கைப் பக்கம் நட. சந்து முடிஞ்சா மணலு."

"அப்ப இந்தச் சத்தம்?"

"அலதான். வேற இன்னா?"

ரஹீமுன்னிசாவுக்கு முதலில் வந்தது கோபம். ஜாபர் பொய் சொன்னாரா, இல்லை, சொல்ல வேண்டுமென்றே தோன்றவில்லையா? இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் காகிதத்தை எடுத்தாள். இனிக் கஷ்டமே இல்லை. அஜீசா கொல்லைக் கதவைத் திறந்தாள் என்று எழுதினால் அடுத்த வரியில் கடல். 'அஜீசா' என்று எழுதினாள். பேனா நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டால்? ஜாபருக்குத் தெரிந்தால்? இத்தனை நாளும் தூரத்தின்மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்தாள். இப்போது நடுவில் ஒரு தாழ்ப்பாள்தான். அதை நீக்க அவளுக்கும் துணிவில்லை, அஜீசாவுக்கும் துணிவில்லை.

ஜாபர் சாப்பிட வரும் நேரமாகிவிட்டது. அலைச் சத்தம் நன்றாகவே கேட்டது. அவசரமாக 'அஜீசா'வுக்குப் பக்கத்தில் 'டிராம் ஏறினாள்' என்று எழுதிக் கதையைத் தொடங்கினாள். வீட்டுக் கதவை யார் திறந்துவிட்டார்கள் என்று கடைசிவரை எழுதவே இல்லை.