ஒன்றின் மேல் ஒன்றாக நத்தார்ச் சட்டை

என் தங்கையும் அவளுடைய கணவரும் பிரிந்த பிறகு வந்த முதல் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், அது. அவர்களின் மகள் றெஜினாவுக்கு எட்டு வயது. பிரிந்த பிறகும் நாங்கள் எல்லோரும், அவர் உட்பட, யாழ்ப்பாணம் குருநகரில் ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குத்தான் போகிறோம்.

காலைப் பூசையில் தங்கை பாட்டுக்குழுவில் நின்றாள். பிள்ளை என் பக்கத்தில் நின்றாள். முகம் வியர்த்து வழிய, திடீரென்று என்மேல் சாய்ந்துவிட்டாள். பயந்துபோய் வெளியே தூக்கிவந்து முதுகுப் பொத்தான்களைக் கழற்றினேன். தாய் தைத்த நீலச் சட்டைக்குள்ளே தகப்பன் கொடுத்தனுப்பிய சிவப்புச் சட்டையும் இருந்தது.

தண்ணீர் குடித்துத் தெளிந்ததும், "ஏன் பிள்ளை ரெண்டையும் போட்டனீ?" என்று கேட்டேன்.

"பூசைக்குள்ளை அம்மா தன்ரை சட்டையைப் பாப்பா. முடிஞ்ச பிறகு மேல்சட்டையைக் கழட்டிப்போட்டு அப்பாட்டைப் போவம் எண்டு நினைச்சனான்."

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலையோ?"

"நீங்கள் சீலைத் தலைப்பாலை மறைச்சுப் பிடிப்பியள்தானே, பெரியம்மா."

இதையெல்லாம் அவள் தனியே இருந்து யோசித்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவள். ஆனாலும் இப்போது நத்தாருக்கு முன்பே இரண்டு வீட்டுக்கும் போய், யார் சட்டை எடுப்பது, யார் காலுக்குச் சப்பாத்து வாங்குவது என்று பேசிவிடுகிறேன். அதற்கு முதல் பிள்ளையிடம் கேட்கிறேன். போன முறை அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"சட்டையை அப்பா எடுக்கட்டும். ஆனால் நான் வளந்திட்டன் எண்டு அவருக்குச் சொல்லிவிடுங்கோ."