ஆடிப்பட்டத்தில் கூறல் மீன்

மீனை மண்ணில் விதைத்துத் தண்ணீர் பாய்ச்சிய மடையன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். எரு போட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செய்ததைக் குறைத்துச் சொல்வது அழகல்ல.

மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தேன். சின்னமனூர் பக்கம் எங்கள் தோட்டம். வாய்க்கால் நிரம்பி ஓடினால் அதுதான் எனக்குக் கடல். அம்மாவின் தம்பி மட்டும் ராமேஸ்வரம் பக்கம் போய் மீன் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார். "இம்புட்டுப் படிச்சும் கடைசியில மீன் புடிக்கத்தான் போயிருக்காக" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் வாரிவிடுவார். மாமா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்வார்.

அந்த ஆடியில் லீவுக்கு வந்த மாமா ஒரு தகரப் பெட்டி நிறையக் காகித உறைகள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வோர் உறையிலும் ஊர்ப்பெயரும் வருஷமும் எழுதியிருந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று, மொச்சைக் கொட்டை கணக்காக. எங்கள் பக்கம் ஆராய்ச்சிக்காரர் என்றால் ஜீப்பில் வந்து, புது ரகம் என்று உறையில் விதை கொடுத்துவிட்டுப் போகிறவர். ஆராய்ச்சியில் வேறு தினுசு உண்டென்று யார் கண்டது? மாமா கடலோர மொச்சை கொண்டுவந்திருக்கிறார், அப்பாவின் வாய்க்குப் பயந்து பொத்திவைத்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

சனிக்கிழமை அம்மாவும் மாமாவும் குச்சனூர் கோயிலுக்குப் போனார்கள். அப்பா கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்பா செய்கிற மாதிரியே எல்லா உறைகளையும் ஒரே சட்டியில் கொட்டி, சாணிக்கரைசலில் ஊறவைத்து, சாம்பலில் புரட்டி, குழி பறித்து ஊன்றினேன். ஆராய்ச்சிக்காரர்கள் செய்வதுபோலக் காலி உறைகளைக் குச்சியில் செருகி வரிசைக்கு ஒன்றாக நட்டேன். பாம்பன், தொண்டி, கீழக்கரை. வெங்காயப் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையே நின்றது.

கோயிலிலிருந்து வந்ததும் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். ஒரு குச்சியைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். வெள்ளை வேட்டியோடு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். விரலால் ஒரு குழியைக் கிளறினார்.

"எது எந்தக் கவர்ல இருந்துச்சு மருமகனே?"

"எல்லாத்தையும் ஒரே சட்டியிலதான் மாமா ஊறப்போட்டேன்."

அதற்குள் அப்பா வந்துவிட்டார். "என்ன ரகம் மாப்ள?"

"கூறல் மீனு மச்சான். அதோட காதுக்குள்ள இருக்குற கல்லு."

மாமா மண்ணைப் பார்த்தபடியே சொன்னார். மரத்தில் வளையம் விழுகிற மாதிரி இந்தக் கல்லில் மீனின் வயசு விழுமாம். அவருக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் காலத்திலிருந்து சேர்த்த கல்லாம். அன்றைய மீன் எத்தனை வயசு வாழ்ந்தது, இன்றைய மீன் எத்தனை வயசில் வலையில் விழுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் கடலுக்கு என்ன ஆயிற்றென்று ஊர் நம்புமாம். வருஷம் தெரியாவிட்டால் வெறும் கல்.

"ஏலே, வெளங்குவியா நீயி!" அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா என்னைத் திட்டக்கூட இல்லை. மண்டி போட்டு மண்ணை அள்ளிச் சல்லடையில் சலிக்க ஆரம்பித்தார். மாமாவைக் கேலி பண்ணாமல் அவர் இருந்து அன்றுதான் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் அநேகமாக எல்லாக் கல்லும் வந்துவிட்டது. கழுவிச் சுளகில் குவித்து வைத்தார்கள்.

மாமா அந்தக் குவியலைத் தொடவே இல்லை. கல்தான் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அடி வாங்கிய முதுகைத் தடவிக்கொண்டே போய்ப் பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் சொன்னேன்.

"விடுங்க மாமா. கடலு எங்க ஓடிரப் போவுது? போயி அதே மாதிரி பெரிய மீனாப் புடிச்சு வேற கல்லு எடுத்துக்கிருங்க."

"அந்த வயசுல மீனு இப்ப அங்கன இல்லடா."