ரெடி என்று நான் சொன்ன டிராக்டர்

அத்தானைப் பற்றி எழுதினால் நான் நல்லவனாகத் தெரிய மாட்டேன். அதனால்தான் இத்தனை நாள் ஆறப்போட்டேன்.

அவர் என் அக்காவின் கணவர். முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். அந்த முப்பத்தோரு வருஷத்தில் யாரையும் இடித்ததில்லை, ஒரு விளக்கைக்கூட உடைத்ததில்லை. இதை அவர் வாயால் கேட்க முடியாது. அக்காதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் அவரை விடவில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்குத் திரும்புவதற்கு முன்னால்கூடத் தோளுக்கு மேலே ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். "சிரிங்க, சிரிங்க. பின்னாடி யாராவது சுடுதண்ணியோட வந்தா தெரியும்" என்பார்.

வேலை முடிந்ததும் ஊர் விளிம்பில் மூன்று ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு வாங்கிக் குடிபோனார்கள். அவர், அக்கா, ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் அவர்களுடைய மகள். சரிவான நிலம். இடுப்பளவு புல், நாற்பது பழமரங்கள், எங்கே மண்வெட்டியைப் போட்டாலும் கல். இரண்டு வருஷம் கைவண்டி தள்ளியே அத்தானின் முதுகு போய்விட்டது. சின்னதாக ஒரு டிராக்டர் வாங்கிவிடலாம் என்று மகள்தான் சொன்னாள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மணியடிக்க ஆளில்லாமல், நேரம் குறிக்க ஆளில்லாமல், தன் இஷ்டத்துக்கு ஒரு வண்டி ஓட்டப்போகிற சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் நான் போய் மூக்கை நுழைத்தேன். நான் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பெழுதிக் காலம் தள்ளியவன். அந்த வீட்டில் என்னைப் 'படிச்சவர்' என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். எனக்கு அந்த மரியாதைப் பாதி மட்டும்தான் காதில் விழும். ஏழு கம்பெனிகளின் விவரப் புத்தகங்களை வாங்கி, கோடு போட்ட தாளில் பட்டியல் தயாரித்து, நாற்பது குதிரைத்திறனுக்குக் குறைந்தால் வீண் என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

அத்தான் பட்டியலைப் பார்க்கவேயில்லை. சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை எடுத்தார். ஒரு முடிச்சு வாசல் கேட்டின் அகலம், இன்னொன்று மரவரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, மூன்றாவது கொட்டகையின் கதவு. ஒவ்வொரு டிராக்டராகக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ஏறினார், இறங்கினார். ஏறினார், இறங்கினார். இன்ஜினைக் கிளப்பக்கூட இல்லை. கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"போதும் அத்தான், எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

"பாக்கட்டும் மச்சான். வீட்டு வேலைன்னா ஓட்டுறது கம்மி, எறங்குறதுதான் ஜாஸ்தி. கல்லு பொறுக்க எறங்கணும், கேட்டு தொறக்க எறங்கணும், கெளைய நகத்த எறங்கணும். என் முட்டிக்கு எது ஒத்துவருதுன்னு பாக்க வேணாமா?"

படி தாழ்வாக இருந்த இருபத்திரண்டு குதிரைத்திறன் வண்டியைத் தேர்ந்தெடுத்தார். நாற்பது வாங்கியிருந்தால் கேட்டைத் தாண்டியிருக்காது. அதைக் கடைக்காரரே ஒப்புக்கொண்டார். என் பட்டியல் நாலாக மடிந்து பைக்குள் போனது. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. வாங்கியது நீங்கள், வண்டியைத் தயார் பண்ணுவது என் பொறுப்பு என்று அடம்பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். அங்கேயே மறுத்திருக்கலாம்.

சனிக்கிழமை வண்டி வந்து இறங்கியது. கடை மெக்கானிக் கூடவே வந்து டயருக்குக் காற்று, இன்ஜினுக்கு எண்ணெய், முன்பக்கத்து எடைக்கட்டிகள் எல்லாவற்றையும் சரிபார்த்தார். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைப் பின்னால் மாட்டிக் காட்டினார். அதற்கும் டிராக்டருக்கும் நடுவே சுழல்கிற ஷாஃப்ட் ஒன்று உண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும், குறுகும். அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அத்தான் அப்போது கேட்டருகே கல் அகற்றிக்கொண்டிருந்தார்.

"சார், இது எல்லா வண்டிக்கும் பொதுவா வர்ற நீளம். உங்க வண்டிக்கு ஒரு சாண் கூடுதலா இருக்கு. திங்கக்கெழம வந்து அளந்து அறுத்துத் தர்றேன். அதுவரைக்கும் மாட்டாதீங்க. மாட்டினாலும் லிவர இழுத்து ரொட்டவேட்டர மேல தூக்கிடாதீங்க, உள்ள முட்டி ஒடச்சிரும்."

தலையாட்டினேன்.

அவர் போன பிறகு நானே ஷாஃப்டை மாட்டிப் பார்த்தேன். ரொட்டவேட்டர் தரையில் இருந்ததால் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருக்கிறதை அறுக்க இன்னொரு தடவை வருகிறேன் என்கிறாரே, வேலை வளர்க்கிற ஆள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து நர்சரிக்காரர் செடிகளை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். அக்கா, மகள் எல்லாரும் வாசலில். "எல்லாம் நானே மாட்டினது" என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

பேருந்து டெப்போவில் ஒரு வழக்கம் உண்டாம். காலையில் மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு 'ரெடி' என்று சொன்னால் டிரைவர் மறுகேள்வி கேட்பதில்லை. கேட்டால் அது அந்த மெக்கானிக்கை அவமதிப்பது. அத்தான் ஏறி உட்கார்ந்தார், பின்னால் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வண்டி ரெடியா மச்சான்?"

"ரெடி அத்தான்."

வண்டி கிளம்பி, வரிசை நெடுக மண்ணை அழகாகக் கிளறியது. நர்சரிக்காரர் கைதட்டினார். வரிசை முடிந்து திரும்புவதற்காக அத்தான் லிவரை இழுத்தார். ரொட்டவேட்டர் எழும்பியது. டமார் என்று ஒரு சத்தம். இன்ஜினை அணைத்துவிட்டு அவர் இறங்கிப் பார்த்தபோது டிராக்டரின் பின்பக்கத்து இரும்புக் கூடு பிளந்து எண்ணெய் மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது. யார் முகத்திலும் ஈயாடவில்லை.

அத்தான் தன் வலது கையைப் பார்த்தார். "வெடுக்குனு இழுத்துட்டேன் போல" என்றார்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். குனிந்து எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார், என்ன மனுஷன் என்று மனசுக்குள் அவரை மெச்சவும் செய்தேன். வசதியான மெச்சல்.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்தபோது அத்தான் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை.

"தூக்காதீங்கன்னு சொன்னேனே சார்?"

"அவர் தூக்கிட்டார்" என்றேன்.

இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் இதுதான்.

"பஸ் ஓட்டுன வேகம்" என்று மெக்கானிக் உச்சுக்கொட்டினார். அப்போதுதான் வந்து சேர்ந்த நர்சரிக்காரர் அதை மட்டும் கேட்டுத் தெருவெல்லாம் சொன்னார். அக்கா அன்றைக்குச் சாப்பாடு போடும்போதே ஆரம்பித்தாள். "முப்பத்தோரு வருஷம், முப்பத்தோரு வருஷம்னு நான்தான் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். முதல் நாளே ஒடச்சு வச்சீங்களே." நான் இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டேன்.

வண்டி பட்டறைக்குப் போய்ச் சரியாகி, ஷாஃப்டும் அளவாக அறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. பட்டறைக்கு நான்தான் போய்வந்தேன், வேறு யாரையும் போகவிடவில்லை. அத்தான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. முதுகு வலி என்றார். பிறகு, தினமும் காலையில் மகளைக் காரில் கொண்டுபோய் விடுவாரே, அதையும் நிறுத்திவிட்டார். "பஸ்ல போயிடும்மா, எனக்குக் கண்ணு கூசுது." டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். சாப்பிட்டுவிட்டுக் கூடத்து ஜன்னலருகே உட்கார்ந்து, கையை முழங்கால்மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வாரா வாரம் போய் அவரெதிரே உட்கார்ந்து காபி குடித்தேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன், சொல்லாமல் திரும்புவேன். நாள் கழியக் கழிய, 'ஏன் அன்றைக்கே சொல்லவில்லை' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது.

மூன்றாவது மாசம், நர்சரிக்காரர் வெளியூரில் வைத்திருக்கும் தோட்டத்துக்காக, டிராக்டரை அவருக்கே விற்றுவிட்டார்கள். விலை பேசியது அத்தானேதான். எனக்குச் சொன்னது மகள். "நாளைக்கு லாரி வருது மாமா. அப்பா ரொம்ப ஒடிஞ்சு போயிட்டார். வயசாயிடுச்சு, இனிமே எதையும் ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டார்." ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது லாரியின் பின்பக்கம் இரண்டு பலகைகளைச் சாய்த்துவைத்திருந்தார்கள். நர்சரிக்காரர் டிராக்டரை ஏற்றப் பார்த்து, பாதியில் பயந்து இரண்டு தடவை இறக்கிவிட்டார். அத்தான் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார். அக்காவும் மகளும் வாசலில்.

எல்லார் முன்னாலும் சொன்னேன். அழகாகச் சொல்ல முடியவில்லை. ஷாஃப்ட் நீளம் என்று மெக்கானிக் என்னிடம் சொன்னதை, தூக்கக்கூடாது என்றதை, நான் ரெடி என்றதை, பிறகு அவர் தூக்கிட்டார் என்றதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். என்னைக் காப்பாற்றத்தானே அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள் என்றும் கேட்டேன்.

அத்தானுக்குப் புரியவில்லை. "உன்னைக் காப்பாத்தவா? எதுக்கு?" என்றார். பிறகு மெதுவாகப் புரிந்தது. கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"அப்போ நான் வெடுக்குனு இழுக்கலையா?"

"இல்ல அத்தான். யார் இழுத்திருந்தாலும் ஒடஞ்சிருக்கும்."

"மெதுவா இழுத்திருந்தாக்கூடவா?"

"மெதுவா இழுத்திருந்தாலும்தான்."

"என் கை சரியாத்தான் இருந்துதா மச்சான்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்பா, விக்க வேணாம்ப்பா. இவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று மகள் ஓடிவந்தாள். நர்சரிக்காரரும் பரவாயில்லை என்பதுபோல் கையைத் தூக்கினார். அத்தான் தலையசைத்து மறுத்தார். "பேசியாச்சும்மா. லாரியும் வந்தாச்சு." பிறகு நர்சரிக்காரரிடம், "நீங்க எறங்குங்க" என்றார்.

ஏறி உட்கார்ந்தார். பின்னால் பார்த்தார். டிராக்டர் பலகைமேல் ஏறியது, ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. லாரிக்குள் போய் நடுவில் நின்றது. கூடத்தில் நாற்காலியை நகர்த்திப் போடுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் செய்தார். இறங்கி வந்து சாவியை நர்சரிக்காரரிடம் கொடுத்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றார்.

"மூணு மாசமா தெனம் காலைல என் கையை நீட்டி நீட்டிப் பாத்தேன் மச்சான், நடுங்குதான்னு" என்றார். குரலில் கோபமே இல்லை. உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மகளைக் காரில் கொண்டுபோய் விட்டார் என்று அவளே போனில் சொன்னாள். நான் அந்த வீட்டுக்குப் போய் இரண்டு மாசமாகிறது. அக்கா கூப்பிடுகிறாள், அத்தானும் கூப்பிட்டார். எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.