பட்டினி நாள்

கார்க்கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த கம்பிக் கூண்டை இன்று விடிகாலையில் இறக்கினேன். அதன்மேல் மடித்துக் கிடந்த பழுப்புநிறக் கைலி என் மனைவியுடையது. கூண்டின் கதவு விழுந்ததும் உள்ளே அகப்பட்ட பூனை வெறிகொண்டு மோதும். அவள் பதறாமல் கைலியை விரித்துக் கூண்டை மூடுவாள். "இருட்டானா பயம் அடங்கிரும்" என்பாள். சற்று நேரத்தில் மோதல் நின்றுவிடும்.

மலேசியாவின் ஈப்போ நகருக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பழைய தோட்டமொன்றில், குடிபெயர்ந்த தொழிலாளர்கள் விட்டுச்சென்ற பூனைகள் காலி லய வீடுகளில் பெருகின. கண்ணில் சீழ்பிடித்துக் குட்டிகள் சாவதைக் கண்ட பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியையான அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கருத்தடை செய்வித்து, இடக்காதின் நுனி வெட்டிய அடையாளத்துடன் அங்கேயே திரும்ப விட்டாள். அந்த அடையாளம் உள்ளவற்றைத் தொடுவதில்லை என்று நகராண்மைக் கழகத்தின் ஆட்கள் ஒப்புக்கொண்டிருந்தனர். மற்றவற்றைக் கொண்டுபோவார்கள், கொண்டுபோனவை திரும்புவதில்லை.

இறுதியில் எஞ்சியது வயிறு பருத்த ஒரு சாம்பல்நிறப் பெட்டை. அதற்குள் என் மனைவி மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. பசித்த பூனைதான் கூண்டுக்குள் நுழையும். ஆகவே அவள் சொற்படி நான் இன்னும் ஆளிருந்த சில வீடுகளுக்கும் சென்று, அன்று ஒருநாள் மட்டும் யாரும் சோறு வைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தப் பூனை கூண்டின் முன் அமர்ந்து நிதானமாக முன்னங்காலை நக்கியது. உள்ளிருந்த சார்டின் மீனை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. லயத்தின் கடைசி வீட்டு அக்கா தயங்கியபடி வந்தார்.

"டீச்சர் பொழைச்சு வரணும்னு வேண்டிக்கிட்டேன் சார். அவங்க பூனையப் பட்டினி போட்டுட்டு சாமிகிட்ட எந்த மூஞ்சியோட கேக்கறது? மீன் சோறு வச்சிட்டேன்."

மருத்துவமனையில் நான் இதைச் சொன்னதும் என் மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"அவங்கள ஏசாதீங்க. அடுத்த வாரம் கூண்ட வைங்க. அன்னிக்கு அக்கா அடுப்பையும் சேர்த்துப் பூட்டிருங்க."

அடுத்த வாரம் அவள் இல்லை. அஸ்தி கரைத்துத் திரும்பியபோது, நகராண்மைக் கழக லாரி வந்துபோன செய்தி காத்திருந்தது. வெட்டுப்படாத காதுகளுடன் சாம்பல் பூனை போய்விட்டிருந்தது. பழைய ரப்பர்ப்பால் கொட்டகைக்கு அடியில் அது ஈன்றுவிட்டிருந்த குட்டிகளை அந்த அக்காதான் கண்டெடுத்தார். ஒன்று மட்டும் பிழைத்தது.

அதுவும் இப்போது வளர்ந்த பெட்டை. நேற்று அதற்குப் பட்டினி நாள். நினைவூட்டுவதற்காக நான் சென்றபோது அக்காவின் அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"அது சாப்பிடல, நானும் சாப்பிடல சார். இது வேண்டுதல்லாம் இல்லலா."

இன்று காலை கதவு விழுந்தது. நான் கைலியை விரித்து மூடினேன். அன்று செவிலியர் என் மனைவியின் முகத்தின்மேல் வெள்ளைத் துணியை இழுத்தபோது, இருட்டைப் பற்றிய அவளுடைய அந்தச் சொல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கைலிக்குள் மோதல் மெல்லக் குறைந்து, நின்றது. பயம் அடங்கியதால்தான் நின்றதா என்று கேட்க அவள் இல்லை. கூண்டின்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றிருந்தேன்.