கேட்காமல் செய்த சடங்கு

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதக் குளிரில், கிழக்கு லண்டனின் குட்மேய்ஸில் நடந்தது இது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இல்ஃபோர்டில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவருடைய வீட்டின் மேலறையில் வாடகைக்கு இருந்தேன். அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன்.

ஐயா யாழ்ப்பாணத்தவர், அகதியாக வந்தவர். வந்த புதிதில் கதவைத் தட்டிய இரண்டு அமெரிக்க இளைஞர்களோடு கதைக்கத் தொடங்கி, மனைவியோடு மோர்மன் சபையில் சேர்ந்துவிட்டார். அந்தச் சபையில் தேநீரும் கோப்பியும் கூடாது. யார் வீட்டுக்குப் போனாலும் வெறும் சுடுதண்ணீர்தான் கேட்பார். கடையில் என்னோடு நின்றவர்கள் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். "தேத்தண்ணி குடியாத யாழ்ப்பாணத்தானை நான் லண்டனிலதான்ரா கண்டனான்" என்பார் ஒரு அண்ணை.

மனைவி இறந்தபின் ஐயாவுக்குத் திங்கட்கிழமைதான் உயிர். அன்று பின்னேரம் குடும்பம் ஒன்றாய்க் கூட வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். ஒரே மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். ஐயா சின்னதாய் ஒரு ஜெபம் செய்வார். பிறகு கரம் போர்ட் இறங்கும். சின்னப் பேத்தியிடம் வேண்டுமென்றே தோற்றுவிட்டு, "கள்ளி! சிவப்பை எங்கயடி ஒளிச்சனி?" என்று சத்தம் போடுவார். மகன் சபையை விட்டு விலகி, கோயிலில் தாலி கட்டியவர். ஜெபத்தின்போது அவர் கண்ணை மூடமாட்டார். ஐயா அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

லண்டனின் மறுபக்கம், மோர்டன் என்ற இடத்தில் ஐயாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். ஐயாவை லண்டனுக்குக் கூப்பிட்டு, மகனைத் தன் பிள்ளைபோல் பார்த்தவர். தம்பி மதம் மாறியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாராம். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. இறந்துபோன உறவினருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்று மோர்மன்கள் நம்புகிறார்கள். ஊரில் இறந்த தன் தாய்க்காக ஐயா அதைச் செய்வித்தார். பெண்ணுக்காகப் பெண்தான் இறங்க வேண்டும் என்பதால், மாமிக்குப் பதிலாக ஐயாவின் மனைவி தண்ணீரில் இறங்கினார். அந்தச் சந்தோஷத்தில் ஐயாவே அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. "செத்த அம்மாவை வேதக்காரியாக்கிப் போட்டான்" என்று அண்ணன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒருநாள் நானே ஐயாவிடம் கேட்டேன்.

"அவவைக் கேளாமல் செய்தது பிழையில்லையோ ஐயா?"

அவர் கோபப்படவில்லை. "செத்த மனுசியை எப்பிடிக் கேக்கிறது தம்பி? நாங்கள் கதவைத்தான் திறந்து விடுறம். உள்ளுக்கு வாறதும் விடுறதும் அவவின்ர விருப்பம். வேண்டாமெண்டா அங்க இருந்து வேண்டாமெண்டு சொல்லுவா. எங்கட நம்பிக்கை அதுதான்."

"இதை அண்ணனுக்குச் சொன்னனீங்களோ?"

"அவர் போனை எடுத்தாலெல்லோ."

நான் சொல்லும் மாசிக்கு முந்தின மார்கழியில் ஐயாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றிவிட்டது என்றார்கள். ஒரு திங்கட்கிழமை பிள்ளைகள் போய்க் காரில் ஏறியபின், மகனை நிற்கச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். சபையின் ஆலயத்துக்கு உடுத்துப் போகும் வெள்ளை உடுப்பை அலுமாரியில் காட்டி, "இதை எனக்கு உடுத்தி, அம்மாவுக்குப் பக்கத்தில புதைக்க வேணும். சபையில இருந்து ஆக்கள் வந்து உடுத்தி விடுவினம். நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை, தடுக்காமல் விட்டாப் போதும்" என்றார். அந்த உடுப்போடு போனால்தான் மனைவியை அங்கே முகம் கொடுத்துப் பார்க்கலாம் என்று பாதி பகிடியாகவும் சொன்னார். மகன் "ஓம் அப்பா" என்றார்.

மாசியில் ஒரு காலை ஐயா போய்விட்டார்.

அடுத்த நாள் வீடு நிறைய ஆட்கள். சபையிலிருந்து இரண்டு பேர் உடுப்பை எடுத்துப்போக வந்திருந்தார்கள். அதில் ஒருவர் கானா நாட்டுக்காரர், ஐயாவின் வயதிருக்கும். அந்த நேரம் பார்த்து ஐயாவின் அண்ணன் கைத்தடியோடு உள்ளே வந்தார். தம்பியின் வீட்டு வாசற்படியை அவர் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு மிதித்தார்.

"ஆர் இவை?"

"அப்பாவின்ர சபை ஆக்கள், பெரியப்பா. உடுப்பு எடுக்க வந்தவை."

"உடுப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அவன் சைவனாப் பிறந்தவன். வேட்டி கட்டி, திருநீறு பூசி, நீ கொள்ளி வைக்கிறாய்."

"அப்பா சொல்லிப்போட்டுப் போனவர், பெரியப்பா."

"அவன் அம்மாவைக் கேட்டோ செய்தவன்?" கைத்தடி நிலத்தில் தட்டுப்பட்டது. "செத்த மனுசியைக் கேளாமல்தானே செய்தவன்? அப்ப நான் மட்டும் ஏன் இவனைக் கேக்க வேணும்?"

மகன் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ் தெரியாத அந்தக் கானாக்காரர் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார். இத்தனை வருடக் கோபத்துக்கு மருந்து என் கையில் இருக்கிறது, ஐயாவின் பதில் இந்தக் காதுக்குப் போய்ச் சேராததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்தேன்.

"ஐயா, ஒண்டு சொல்லட்டோ?" என்று அண்ணனான அந்தப் பெரியவரிடம் கேட்டேன்.

"ஆரடா இவன்? வாடகைப் பெடியன் பேசாமல் நில்" என்று யாரோ அதட்டினார்கள்.

"சொல்லட்டும், விடு" என்றார் பெரியவர்.

சொன்னேன். ஐயா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். கதவைத் திறந்து விடுவது, தாயின் விருப்பம், அங்கிருந்தே வேண்டாம் என்று சொல்லலாம் என்பது எல்லாம். பெரியவர் கேட்டுக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தார்.

"அவன் அப்பிடியோ சொன்னவன்?"

"ஓம் ஐயா. உங்களுக்குச் சொல்லத்தான் போன் எடுத்தவர். நீங்கள் எடுக்கேல்லையாம்."

அவருடைய கண் கலங்கியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் பெருவிரல் பதிப்பவர்கள். நாலு பேர் கூடின இடத்தில் எழுந்து நியாயம் சொல்லத்தான் நான் படித்தேன் என்று அந்தக் கணத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையே வந்தது.

பெரியவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நல்லதாப் போச்சு. நானும் கதவைத்தான் திறந்து விடுறன். அவனுக்கு வேண்டாமெண்டா அங்க இருந்து வேண்டாமெண்டு சொல்லட்டும்." மகன் பக்கம் திரும்பி, "ஐயருக்குப் போன் அடி" என்றார்.

மகன் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதுவரை, அப்பாவின் சொல்லை மீறக்கூடாது என்று மறுத்துச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் பிடுங்கிவிட்டேன். "சாம்பலை அம்மாவின்ர குழியிலதான் வைப்பன், பெரியப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பெரியவர் ஓம் என்றார்.

சபைக்காரர்களுக்கு நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கானாக்காரர் கடைசிவரை கேட்டார். ஐயாவின் அறையில் கொஞ்ச நேரம் முழங்காலில் இருக்கலாமா என்று கேட்டார். அவர் எழுந்து வந்தபின், இருவரும் மகனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

தகனசாலையில் ஐயாவுக்கு வேட்டி கட்டியிருந்தது. நெற்றியில் மூன்று குறி. வாழ்நாளில் பாதிக்குமேல் வேறு ஒருவராக வாழ்ந்த மனிதரை அந்தக் கோலத்தில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தேவாரம் முடிந்ததும் பெட்டியை உள்ளே அனுப்பும் பொத்தானை மகன் அமத்தினார். கடைசி வரிசையில் அந்த இரண்டு சபைக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே ஊசிக் காற்று. எல்லோரும் கார்களைத் தேடிப் போக, பெரியவர் என் முழங்கையைப் பிடித்தார். வென்ற மனிதரின் பிடியாக அது இருக்கவில்லை.

"தம்பி, நீ படிச்ச பிள்ளை. உண்மையைச் சொல்லு. அவனால வேண்டாமெண்டு சொல்ல ஏலும்தானே?"

"ஏலுமெண்டுதான் ஐயா சொன்னவர்."

"சொல்லியிருப்பான். என்னை விடப் பிடிவாதக்காரன். இவ்வளவு நேரத்துக்குச் சொல்லியிருப்பான், என்ன?"

ஓம் என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. இன்னொருமுறை அதையே கேட்டார். நானும் இன்னொருமுறை ஓம் என்றேன். எனக்கு அதில் எதுவும் தெரியாது. ஐயா நம்பியதை நான் நம்பியதுமில்லை.

மாதம் முடிய அந்த அறையை விட்டு வந்துவிட்டேன். மகன் போகச் சொல்லவில்லை, என்னால்தான் இருக்க முடியவில்லை. சரியான விளக்கத்தைச் சரியான ஆளிடம் சொல்லிவிட்டால் மனம் மாறிவிடும் என்று என் படிப்பு என்னை நம்ப வைத்திருந்தது. இப்போதும் இறந்துபோன ஒருவரின் சொல்லை எடுத்துச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், அதைத் திருத்திச் சொல்லவோ நிறுத்தச் சொல்லவோ அவர் பக்கத்தில் இல்லை என்ற பயம் முதலில் வந்து என் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது.