முன்னால் போகிறவனுக்கும் ஒரு ஹாரன்

அனிசேத்தோவுக்கு இரண்டு காதும் போய்விட்டன என்பது அவர் பெண்டாட்டி ஒதீலியாவுக்கும் சாந்தா ஃபேயில் இருந்த காது டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். வேரா ஊரில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். நசுங்கிய கார் கதவுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்துவதில் ஆயுசு போயிற்று. கதவுகள் நிமிர்ந்தன, காதுதான் அவிந்தது. ஊரிலோ அவருக்குத் தங்கமான மனுஷன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று பெயர். காதில் விழாததற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டிச் சம்பாதித்த பெயர் அது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

வசந்தம் பிறந்ததும் சான் லூயிஸ் மலையடிவாரத்தில் நாலு திசையிலிருந்தும் மோட்டார் சைக்கிள்காரர்கள் வந்து கூடுவார்கள். அனிசேத்தோவும் கறிக்கடை வெனான்சியோவும் ஒரு வருஷம் தவறியதில்லை. இரண்டு பேருடைய வண்டியும் வேகத்தில் எண்பதைத் தாண்டாத பழைய வண்டி. அதனால் போவதற்கே இரண்டு இரவு வழியில் தங்க வேண்டும். அந்தப் பயணத்தை நினைத்துக்கொண்டுதான் அனிசேத்தோ மீதி வருஷத்தை ஓட்டினார் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த முறை கிளம்பும்போது ஒதீலியா காது மெஷின் இருந்த சின்ன டப்பாவை அவர் சட்டைப்பையில் திணித்து, பித்தானையும் போட்டுவிட்டாள்.

"வெனான்சியோகிட்ட நீயே வாயத் தொறந்து சொல்லிடு. பின்னாடி லாரி வர்றது தெரியாம நீ நடு ரோட்டுல போயிட்டிருக்க, கூட வர்றவனுக்கு அது தெரிய வேணாமா? சொல்லாம மட்டும் திரும்பி வந்தே, நானே கறிக்கடைக்குப் போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன். அப்புறம் வண்டிச் சாவி என்கிட்டதான்."

சொன்னதைச் செய்கிறவள் அவள். அனிசேத்தோ சிரித்துத் தலையாட்டினார்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் ரெமிஜியோ விஷயம் அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. முன்பெல்லாம் அவர்கள் மூன்று பேராகத்தான் போவார்கள். ரெமிஜியோவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அதை மறைத்தே ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் குட்டு வெளிப்பட்டபோது வெனான்சியோ நடுத்தெருவில் நின்று, ஒளித்துவைத்து ஓட்டுகிறவனோடு ஒரு கிலோமீட்டர்கூட வரமாட்டேன் என்று கத்தினார். ரெமிஜியோ வீம்புக்குத் தனியாகக் கிளம்பிப் போனான். பொழுது சாயும் நேரத்தில், ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற டிராக்டரில் மோதிச் செத்துப்போனான். வெனான்சியோ அன்றே சொன்னார் பாருங்கள் என்று ஊரே பேசியது. வெனான்சியோ மட்டும் அதைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய், நானும் ஒன்றை மறைத்துத்தான் ஓட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கூட்டாளி போய்விடுவான், சொல்லாவிட்டால் வண்டியே போய்விடும். முதல் நாள் முழுக்க அனிசேத்தோ இதையே மென்று விழுங்கிக்கொண்டு ஓட்டினார்.

இதில் ஒரு வேடிக்கை. எப்போதும் முன்னால் பறக்கிற வெனான்சியோ இந்தத் தடவை பின்னாலேயே வந்தார். கண்ணாடியில் பார்த்தால் அவருடைய விளக்கு ரோட்டுக்கு நடுவில், லாரிகளை மறித்துக்கொண்டு வருவதுபோல வரும். இறங்கி மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் இடத்திலெல்லாம், கிழடு தட்டிவிட்டதா, கறி வெட்டி வெட்டிக் கை தளர்ந்துவிட்டதா என்று அனிசேத்தோ சீண்டினார். வெனான்சியோ பதிலுக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் வெந்நீரை ஊற்றிக் கொடுத்தார். அவர் சும்மா இருந்தது அனிசேத்தோவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் தோண்டிக் கேட்கவில்லை. தோண்டினால் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற பயம்.

வழி நெடுக, பயணம் போகிறவர்களுக்குத் துணையான கௌச்சித்தோ சாமியின் கோயில்கள். கோயில் என்றால் ஒரு மரம், நிறையச் சிவப்புக் கொடி, நாலு மெழுகுவத்தி, அவ்வளவுதான். தாண்டும்போது ஹாரன் அடித்து ஒரு வணக்கம் வைக்க வேண்டும். வைக்காதவன் போய்ச் சேரமாட்டான் என்று லாரிக்காரர்கள் முதல் பஸ் டிரைவர் வரை எல்லாரும் நம்புகிறார்கள். வெனான்சியோவுக்கு இதில் கொஞ்சம் கூடுதலாகவே பித்து. ஒரு முறை, அடித்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, பாதித் தூரம் திரும்பிப் போய் அடித்துவிட்டு வந்த ஆள். அனிசேத்தோவும் சிவப்புக் கொடி கண்ணில் பட்டபோதெல்லாம் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார். சாமி, நாளைக்கு எப்படியும் சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரே வாக்கைக் கொடுத்தார். நாளை வந்தது, அடுத்த நாளும் வந்தது, வாக்கு அப்படியே கிடந்தது.

வில்லா மரியா பெட்ரோல் பங்கில் சுலேமா என்று ஒரு பெண் சேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, தனியாக வந்திருந்தாள். வரிசையில் கடைசி ஆளாக வந்தாள். சிரிப்பும் பேச்சுமாக இருந்தவள்தான், ஒரு உள்நோக்கமும் இல்லாமல் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

மலையடிவாரம் வந்து, கூடாரம் அடித்து, அனிசேத்தோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுலேமா எதிரே வந்து நின்றாள்.

"உங்க ஹாரன் செத்துக் கிடக்கே, தெரியாதா? வழி பூரா நீங்க பொத்தானை அமுக்குறீங்க, ஒரு சத்தமும் காணோம். பாவம் உங்க கூட்டாளி, கௌச்சித்தோவைப் பார்த்தா ரெண்டு ரெண்டு தடவை அடிக்கிறாரு. உங்க ஊரு வழக்கமான்னு கேட்டேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு முன்னால போறவனுக்குன்னாரு."

அனிசேத்தோ ஹாரன்மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். ஒரு துடிப்பும் இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள் குழாயில் தண்ணீர் பீய்ச்சி வண்டியைக் கழுவியது ஞாபகம் வந்தது. ஒயர் கழன்றிருக்கும். அப்படியானால் வேராவிலிருந்து இதுவரை அவர் ஒரு சாமிக்கும் வணக்கம் வைக்கவில்லை. சந்தேகத்துக்கே திரும்பிப் போகிற வெனான்சியோ அதைப் பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லையே என்று திட்டவில்லை, ஹாரன் கெட்டுவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சத்தம் வராதது உனக்கே தெரியவில்லையா என்று அடுத்த கேள்வியும் வந்திருக்கும். அதைத் தவிர்க்கத்தான் பேசாமல் இருந்திருக்கிறார். அனிசேத்தோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெனான்சியோ அடுப்புக் கம்பிமேல் விலாக்கறியைப் பரப்பி உப்புத் தூவிக்கொண்டிருந்தார். அனிசேத்தோ டப்பாவை எடுத்து உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வெனான்சியோ, எனக்குக் காது கேக்காது."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

வெனான்சியோ முகத்தை நேராக அவர் பக்கம் திருப்பினார். உதட்டைப் பார்க்கட்டும் என்றுதான் திருப்பினார் என்று அனிசேத்தோவுக்கு இப்போது புரிந்தது. எத்தனை காலமாக இவர் இப்படித் திருப்பிப் பேசுகிறார்?

"போன வருஷம் உன் படுக்கைச் சுருள் அவிழ்ந்து ரோட்டுல விழுந்துச்சு பாரு, அப்போலேருந்து. அடுத்த ஊரு வரைக்கும் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தேன், நீ கல்லு மாதிரி போயிட்டே இருந்த. கேட்டா காத்து அடிச்சுதுன்ன. அன்னிக்கு ஒரு இலை அசையல, குண்டா."

"அப்பவே ஏன் கேக்கல?"

கறியை ஒரு முறை திருப்பிப் போட்டுவிட்டுத்தான் வெனான்சியோ பதில் சொன்னார்.

"ரெமிஜியோகிட்ட கேட்டேனே, என்ன ஆச்சு? ஊரு முன்னாடி அவனை அவமானப்படுத்தினேன், வரமாட்டேன்னேன். தனியா போனான். நான் முன்னால போயிருந்தா அந்த டிராக்டரை நான் பார்த்திருப்பேன். உன்கிட்டயும் கேட்டா என் பாழாப்போன வாய் அதையேதான் சொல்லும். அதான் வாயை மூடிக்கிட்டு பின்னால வந்தேன். நீயா சொல்லுவேன்னு வழி பூரா பார்த்தேன். நீ என்னடான்னா, கை தளர்ந்துடுச்சான்னு கேக்குற."

அனிசேத்தோ மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெனான்சியோ டப்பாவை அவர் கையில் வைத்து, முதலில் இதை மாட்டு, இல்லாவிட்டால் ஒதீலியாவிடம் நானே போய்ச் சொல்வேன் என்று மிரட்டினார்.

நல்ல நேரம் பார்த்துத்தான் மாட்டினார் மனுஷன். அந்த வருஷத்துக் கூட்டத்தில், செத்துப்போன வண்டியோட்டிகளின் பெயரை மைக்கில் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெயர் முடிந்ததும் எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் முறுக்குவது வழக்கம். அனிசேத்தோ மெஷினைக் காதில் பொருத்தியதும் அவருக்குத் தெளிவாகக் கேட்ட முதல் பெயர், "வேரா, ரெமிஜியோ." பெயரைக் கொடுத்தது வெனான்சியோதான். பின்னாலேயே நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் உறுமின. அனிசேத்தோ ஐயோ என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குதித்தார். சுலேமா விழுந்து விழுந்து சிரித்தாள். வெனான்சியோ சிரிக்கவில்லை. அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அவர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அனிசேத்தோ பக்கத்தில் போய் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பும் நாளன்று காலையில் ஹாரன் ஒயரைச் செருகிச் சரிசெய்தார்கள். ஹெல்மெட்டுக்குள் காது மெஷின் கொதிக்கிற கெட்டில் மாதிரி கீச்சென்றது. அனிசேத்தோ வாய்க்கு வந்தபடி திட்டினாலும் கழற்றவில்லை. இப்போதும் அவர்தான் முன்னால், வெனான்சியோ பின்னால்.

முதல் சிவப்புக் கொடி வந்தது. அனிசேத்தோ பொத்தானை அழுத்தினார். தன் ஹாரன் இவ்வளவு கீச்சுக்குரலா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலிருந்து வெனான்சியோவின் ஹாரன் ஒரு முறை கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு முறையும் கேட்டது.

அடுத்து மாத்தே குடிக்க இறங்கியதும் அனிசேத்தோ கேட்டார்.

"என்னுதுதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு ரெண்டு தடவை அடிக்கிற?"

"அது உனக்கில்ல," என்றார் வெனான்சியோ. "முன்னாலயே போயிட்டானே, அவனுக்கு."

இரண்டு பேரும் வெந்நீர் தீரும்வரை மாறி மாறிக் குடித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த மரத்தடி வந்தபோது அனிசேத்தோவும் இரண்டு தடவை அடித்தார்.